குழந்தை உருவப்படத்தில் நாற்காலியும் பொம்மையும் உறுத்துகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் குழந்தையை ஆயில் பெயிண்டில் வரையச் சொல்பவர்கள் வீட்டில் இருக்கும் ஈட்டி மர நாற்காலி, பாட்டி காலத்து ஈஸி சேர், பிறந்தநாளுக்கு வந்த பொம்மை எல்லாவற்றையும் படத்தில் வைக்கச் சொல்வார்கள். படம் முடிந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம பாப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். உடனே பிரஷ் முகத்துக்குப் போகும். அங்கே போகவிடாதீர்கள். இந்தக் குறை வரும்போது முகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பு நாற்காலியின் உயரத்திலோ கையிலிருக்கும் பொருளிலோ இருக்கும். முகத்தைத் திருத்தத் திருத்த இருக்கிற சாயலும் போய்விடும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். அதே வரிசையில் பாருங்கள். அளவு நாடா, ஒரு முழம் நூல், கரித்துண்டு, போன் இருந்தால் போதும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு சோதனை

ஒன்று: படத்தில் குழந்தையின் உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை நூலால் அளந்து முடிச்சுப் போடுங்கள். இதுதான் "ஒரு தலை". மற்ற எல்லா அளவையும் இந்த முடிச்சால்தான் பார்க்கப் போகிறோம்.

இரண்டு: படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் போனால் சிக்கல் அளவில் இருக்கிறது. முதல் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். வேறெங்காவது போனால் நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள்.

## 1. நாற்காலி குழந்தையை விழுங்குகிறது

அதிகம் வருவது இதுதான். குழந்தை இருக்கிறது, ஆனால் படம் நாற்காலியைப் பற்றியதாகத் தெரிகிறது. கால் அந்தரத்தில் தொங்குகிறது, அல்லது இரண்டு காலும் நீட்டிக்கொண்டு உள்ளங்கால் நம்மைப் பார்க்கிறது.

சோதனை. படத்தில் தரையிலிருந்து இருக்கைப் பலகை வரை எத்தனை தலை என்று நூலால் பாருங்கள். ஐந்தாறு வயதுக் குழந்தையின் தலை ஏறத்தாழ 19 செ.மீ. பெரியவர்களின் சாப்பாட்டு மேசை நாற்காலி 43 முதல் 46 செ.மீ. உயரம். அப்படியென்றால் இருக்கை இரண்டே கால் தலைக்கு மேல் நிற்கும். அந்த வயதுக்கு ஒன்றரைத் தலைதான் பொருத்தம். இரண்டு தலையைத் தாண்டினால் கால் தரையில் படவே படாது.

உட்கார வைக்கும் முன்பே அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஷூ போட்டுக்கொண்டு முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் இருக்கையின் உயரம். தோராயமாக, 95 முதல் 115 செ.மீ. வரை வளர்ந்த குழந்தைக்கு 26 செ.மீ. இருக்கை, 115 முதல் 120 வரை 31, 120 முதல் 140 வரை 35. பள்ளிக்கூடச் சாமான் செய்பவர்கள் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் செய்கிறார்கள்.

காரணம் அ: அடியில் வைத்த தலையணை. குழந்தை உயரமாகத் தெரியட்டும் என்று அடியில் திண்டு வைப்பார்கள். அதனால் கால் இன்னும் மேலே போய்விடும். திண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பெரியவர் நாற்காலியின் இருக்கை 40 முதல் 45 செ.மீ. ஆழம், ஆறு வயதுப் பிள்ளையின் தொடைக்கு அதில் முக்கால் பாகம் போதும். முதுகில் 10 முதல் 15 செ.மீ. தடிப்பான, அமுங்காத திண்டு வைத்தால் பிள்ளை முன்னால் வந்து முழங்கால் இயல்பாக மடியும். பஞ்சுத் தலையணை உதவாது, கால் மணி நேரத்தில் அமுங்கிவிடும்.

காரணம் ஆ: காலுக்குத் தாங்கல் இல்லை. இருக்கை உயரத்தில் முழங்கால் உயரத்தைக் கழியுங்கள். 45 செ.மீ. இருக்கை, 30 செ.மீ. முழங்கால் என்றால் 15 செ.மீ. தாங்கல் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்த இரண்டு செங்கல் ஏறக்குறைய அவ்வளவு வரும். மேலே ஒரு பலகை போட்டுக் கம்பளியால் மூடிவிடுங்கள். மணைப் பலகை தனியாகப் போதாது, ரொம்பத் தாழ்வு. தாங்கல் படத்திலும் தெரியட்டும். மறைத்தால் கால் எதில் நிற்கிறது என்ற கேள்வி பார்ப்பவருக்கு வரும்.

காரணம் இ: சாய்மானத்தின் மேல் சட்டம் தப்பான இடத்தில் வெட்டுகிறது. சட்டம் முகவாய் உயரத்தில் குறுக்கே போனால் தலை தட்டில் வைத்த தேங்காய் போல உட்கார்ந்துவிடும். காது மட்டத்தில் போனால் காதிலிருந்து கொம்பு முளைக்கும். தோளுக்குக் கீழே, அக்குள் மட்டத்தில் முடிவதே நல்லது. வரைந்து முடித்திருந்தால் அந்தச் சட்டத்தைப் பின்னணி நிறத்தில் கரைத்து, ஓரத்தை மங்கலாக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். ஒரு நாள் வேலைதான்.

காரணம் ஈ: நாற்காலியே தப்பு. பழைய பங்களாக்களில் கிடக்கும் நீளக் கைப்பிடி ஈஸி சேர் பெரியவர் கால் நீட்டிப் படுக்கச் செய்தது. குழந்தையை அதில் உட்கார வைத்தால் பள்ளத்துக்குள் சரியும், தோள் காதுவரை ஏறும். எந்தத் திண்டும் இதைச் சரிசெய்யாது. அந்த நாற்காலி குடும்பத்துக்கு முக்கியம் என்றால் குழந்தையை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு கையைக் கைப்பிடியில் வைக்கச் சொல்லுங்கள். 1659-இல் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவெஸ் வரைந்த சின்ன இளவரசன் பெலிப்பே பிராஸ்பெரோவும் இப்படித்தான் நிற்கிறான்: ஒரு கை சின்ன நாற்காலியின் மேல், இருக்கையில் ஒரு நாய்க்குட்டி. நாற்காலி அவன் அளவுக்குத் தோதாக இருப்பதால் இரண்டு வயதுப் பிள்ளையின் சிறுமை கெடாமல் நிற்கிறது. மலையில் எளிதாகக் கிடைப்பது பிரம்பு மோடா. சின்ன மோடா 30 செ.மீ.-க்குள் கிடைக்கும், கைப்பிடியும் இல்லை, சாய்மானமும் இல்லை, தொல்லையே இல்லை.

ஆளைக் கூப்பிடும் இடம். பழைய நாற்காலியில் உட்கார வைக்கும் முன் நான்கு காலையும் ஆட்டிப் பாருங்கள். மூட்டு ஆடினால், பிரம்புப் பின்னல் அறுந்திருந்தால், தச்சரிடம் கொடுத்த பிறகே குழந்தை அதில் உட்கார வேண்டும். நாற்காலியின் காலை மட்டும் ஒட்டவெட்டி உயரம் குறைக்கச் சொல்லாதீர்கள். பின்கால் சாய்வு மாறி நாற்காலி பின்னால் கவிழும்.

## 2. உட்கார்ந்த மாதிரி இல்லை, மிதக்கிறது

அளவெல்லாம் சரி, ஆனால் குழந்தையின் எடை நாற்காலியில் இறங்கவில்லை.

தொடும் இடத்தில் நிழல் இல்லை. தொடைக்கும் இருக்கைக்கும் நடுவே, ஷூவுக்கும் தரைக்கும் நடுவே, படத்திலேயே இருண்ட மெல்லிய கோடு இருக்க வேண்டும். வெறும் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து போடுங்கள். தொடும் இடத்தில் அழுத்தமாகத் தொடங்கி, வெளியே போகப் போகக் கரைய வேண்டும். பத்து நிமிட வேலை, பலன் அதிகம்.

இருக்கை அமுங்கவில்லை. பிரம்பு இருக்கை நடுவில் கொஞ்சம் தொய்யும், மெத்தை பக்கவாட்டில் பிதுங்கும், பாவாடை துணி ஓரத்தில் மடிந்து கிடக்கும். இந்த மூன்றில் ஒன்றாவது தெரிய வேண்டும். காலி நாற்காலியை ஒரு நாளும் குழந்தையை இன்னொரு நாளும் பார்த்து வரைந்தால் இது தவறும்.

கண்மட்டம் இரண்டாக இருக்கிறது. இருக்கையின் இரண்டு பக்க விளிம்பையும் கைப்பிடிகளையும் நூல் பிடித்துப் பின்னால் நீட்டுங்கள். அவை சந்திக்கும் உயரமே நாற்காலியைப் பார்த்த கண்மட்டம். அது குழந்தையின் தலைக்கு மேலே இருந்தால் முழங்காலின் மேற்பரப்பும் ஷூவின் மேற்பாகமும் தெரிய வேண்டும். நாற்காலி மேலிருந்து பார்த்ததாகவும் குழந்தை நேராகப் பார்த்ததாகவும் இருந்தால் நாற்காலியைத் திரும்ப வரையுங்கள். குழந்தையை அல்ல.

போட்டோவே கோணியிருக்கிறது. போனின் மெயின் கேமரா அகலக் கோணம். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் முழங்காலும் நாற்காலியின் முன்காலும் வீங்கி, தலை சிறுக்கும். 2.5 முதல் 3 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, போனைக் குழந்தையின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். மண்டியிட்டால்தான் அந்த உயரம் வரும். நாற்காலியும் குழந்தையும் ஒரே போட்டோவில் இருப்பது கட்டாயம்.

இத்தனையும் செய்து இன்னும் மிதந்தால் உருவத்தின் இடுப்பு மடிப்பில் தப்பு இருக்கிறது. கேன்வாஸில் கை வைக்கும் முன் உருவப்படம் வரைந்து பழகிய ஒருவரிடம் போட்டோவோடு சேர்த்துக் காட்டுங்கள்.

## 3. கண் முகத்தில் நிற்கவில்லை, பொருளுக்கு ஓடுகிறது

கறுப்பு வெள்ளைச் சோதனையில் கண் எங்கே போனதோ அதுதான் குற்றவாளி. வழக்கமாக இவைதான்:

எழுத்து. ஸ்வெட்டரில் ஆங்கில வாசகம், பொம்மையில் கம்பெனிப் பெயர், புத்தக அட்டை. எழுத்து இருந்தால் கண் படிக்கப் போய்விடும். அழியுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை.

வெள்ளை. திண்டின் உறை, மேசை விரிப்பு, பால் டம்ளர். படத்தில் மிக வெளிச்சமான புள்ளி நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணிலோ இருக்க வேண்டும். மற்ற வெள்ளை எல்லாம் அதைவிட இரண்டு படி இறங்கட்டும். டைட்டானியம் வெள்ளையில் துளி ரா அம்பரும் (பழுப்பு) யெல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) சேர்த்தால் வெள்ளையாகவே தெரியும், ஆனால் கத்தாது.

பாலிஷ் மினுமினுப்பு. ஈட்டி மரம் கருத்தது, பாலிஷ் போட்டால் ஜன்னலையே காட்டும். அந்தப் பளபளப்பை அப்படியே வரைந்தால் கைப்பிடி முகத்தைத் தோற்கடிக்கும். முகத்துக்கு அருகில் உள்ள பளபளப்பை மங்கலாக்கி, தூரத்துக் காலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுவையுங்கள்.

சிவப்பு. குளிரில் மலைப் பிள்ளைகளின் கன்னம் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு மாநிறத் தோலுக்குள் அடங்கிய மென்மையான நிறம். பக்கத்தில் சிவப்புப் பந்தோ நடைவண்டியோ வைத்தால் கன்னம் செத்துவிடும். பந்தின் நிறத்தைப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) பக்கம் இழுங்கள், அல்லது பந்தைப் படத்தின் கீழ் மூலைக்கு நகர்த்துங்கள்.

கட்டமும் கோடும். பவானி ஜமுக்காளத்தின் பட்டைகள் அழகு. குழந்தையின் காலடியில் நேராகப் படுத்தால் கண்ணைப் படத்துக்கு வெளியே இழுத்துப்போகும். சாய்வாக விரித்து, ஒரு மடிப்பு விழவிடுங்கள்.

தோடர் எம்பிராய்டரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிர் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக வரும் அந்தப் பின்னல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பலர் அதை நாற்காலி விரிப்பாகப் போட்டுக் குழந்தையை உட்கார வைக்கிறார்கள். படம் என்ற கணக்கில் பார்த்தாலும் அது தப்பு: வெளிர், சிவப்பு, கறுப்பு மூன்றும் ஒரே இடத்தில் மோதினால் எந்த முகமும் எதிரில் நிற்காது. அதைவிட முக்கியம், பூத்துக்குளி என்ற இந்தப் பின்னல் போர்வை தோடர்கள் சடங்குக்குப் போர்த்துவது, இறந்தவருக்கும் போர்த்துவது. உட்காரும் விரிப்பு அல்ல. தோடர் வீட்டுக் குழந்தை தன் பூத்துக்குளியைப் போர்த்தி நிற்பது வேறு. அப்போது மற்ற எல்லாப் பொருளையும் எடுத்துவிடுங்கள், துணியே போதும்.

இன்னும் சரியாகவில்லையா? பொருள்களை எண்ணுங்கள். நாற்காலி ஒன்று, கையில் ஒன்று, தரையில் ஒன்று. மூன்றுக்கு மேல் போனால் ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்தும் படம் குறையவில்லை என்றால் அந்தப் பொருள் வேண்டியதில்லை. நீக்கும் முறை ஏழாவதில் இருக்கிறது.

## 4. கையில் இருக்கும் பொருள் ஒட்டவைத்தது போல இருக்கிறது

பொருள் கைக்குப் பெரிது. மூன்று வயதுவரை குழந்தை முழு உள்ளங்கையால் அள்ளிப் பிடிக்கும். மூன்று, நான்கு செ.மீ. தடிப்புதான் தோது. ஊட்டிப் பேரிக்காய் ஒரு கைக்கு அடங்காது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைக்கச் சொல்லுங்கள். பிளம்ஸ் ஒரு கைக்குச் சரி. ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் நான்கு செ.மீ.-க்குச் சிறியது எதையும் கொடுத்துவிட்டுக் கேன்வாஸ் வைத்த ஈசல் சட்டத்துக்குத் திரும்பாதீர்கள். சொப்புச் சாமானும் பிளம்ஸ் கொட்டையும் தொண்டையில் அடைக்கும். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விரல் பொருளைச் சுற்றவில்லை. விரல்கள் முழுதாகத் தெரிந்தால் அது பிடி அல்ல. இரண்டு விரலாவது பொருளுக்குப் பின்னால் மறைய வேண்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும். அழுத்தும் இடத்தில் நகத்தைச் சுற்றி நிறம் வெளுக்கும். இதைக் கவனித்து ஒரு தொடுகை வைத்தால் போதும்.

பிள்ளைக்குப் பிடிக்காத பொருள். விலையான பொம்மையைக் கொடுத்தால் விறைப்பாகப் பிடிக்கும். தினமும் தூக்கிக்கொண்டு திரியும் பழைய மரப்பாச்சியைக் கொடுத்தால் கை தானாக அதன் இடுப்பில் போய்ச் சுற்றும். மரப்பாச்சி கருஞ்சிவப்பு; கரும்பச்சை ஸ்வெட்டர் மேல் வைத்தால் காணாமல் போகும். வெளிர் துணி மேல் வையுங்கள்.

நிழல் எதிர்ப்பக்கம் விழுகிறது. மலையில் காலை வெயிலில் முகத்தை வரைந்து, மத்தியானம் மூடுபனி இறங்கிய பிறகு பொம்மையை வரைந்தால் ஒன்றுக்கு நிழல் இருக்கும், மற்றதற்கு இருக்காது. கையும் பொருளும் ஒரே நேரத்து வெளிச்சத்தில் முடிய வேண்டும். பாதியில் பனி ஏறினால் அன்று நிறுத்திவிடுங்கள்.

கைக்கு மூன்றாவது முறை திருத்தம் போட்டும் நிற்கவில்லை என்றால் பொருளை மடியில் வைத்துக் கையை அதன் மேல் தளர்வாகக் கிடத்துங்கள். அடம்பிடித்துத் திரும்பத் திரும்ப வரைவதைவிட இதுவே நல்ல முடிவு.

## 5. பிள்ளைக்கு வயசு கூடிப்போய்விட்டது

நூலை எடுங்கள். நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை ஐந்தரை முதல் ஆறு தலை. கண் தலையின் பாதிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் முகத்தில் தப்பில்லை, சாமானைப் பாருங்கள்.

முக்காலி ரொம்பச் சின்னதாக இருந்தால் ஆறு வயதுப் பிள்ளை பத்து வயதாகத் தெரியும். முதல் அறிகுறிக்கு இது நேர் எதிர். இருக்கை ஒரு தலைக்குக் கீழே போனால் மாற்றுங்கள். கைப்பிடி நாற்காலியில் இரண்டு முழங்கையும் ஏற்றி வைத்தால் தோள் உயர்ந்து பெரிய மனுஷத் தோரணை வரும். ஒரு கையை இறக்கினால் இறங்கிவிடும். பேனா, கைக்கடிகாரம், கனமான புத்தகம், டை ஆகியவையும் வயதைக் கூட்டும். வீட்டார் வற்புறுத்தினால் புத்தகத்தை மடியில் திறந்து படப்பக்கம் தெரிய வையுங்கள்.

தலை அளவே ஆறரைக்கு மேல் வந்தால் சாமான் காப்பாற்றாது. புதுக் கேன்வாஸ்தான்.

## 6. முகத்தில் பச்சையோ நீலமோ அடிக்கிறது

ஜன்னலுக்கு வெளியே புல்தரையோ தேயிலைச் சரிவோ இருந்தால் முகவாய்க்கு அடியில் பச்சை ஏறும். மூடுபனி நாளில் தோல் நிழல் எல்லாம் சாம்பல் நீலமாகும். முதலில் தரையில் வெள்ளைப் போர்வை விரித்துப் பாருங்கள். பச்சை போனால் அதுதான் காரணம். போகாவிட்டால் நாற்காலியை ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளுங்கள். அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது பிளாஸ்டிக் நாற்காலியும் நிறத் திண்டும். நீல ஸ்டூலில் உட்கார்ந்த பிள்ளையின் தொடையடி நீலமாகத்தான் இருக்கும். மேலே பழுப்புக் கம்பளியைப் போடுங்கள்.

வரைந்து காய்ந்த பிறகு கண்டுபிடித்தால் நிழல் பகுதியில் மட்டும் பர்ன்ட் சியன்னாவைக் கண்ணாடி போல மெலிதாக ஒரு பூச்சு. வெளிச்சப் பகுதியைத் தொடாதீர்கள்.

## 7. நீக்கிய பொருள் மறுபடி எட்டிப் பார்க்கிறது

நாற்காலியைப் பின்னணியால் மூடினீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் விளிம்பு மேடாகத் தெரிகிறது, அல்லது சில வருஷம் கழித்துப் பழைய நிறம் தலைகாட்டுகிறது. ஆயில் பெயிண்ட் வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி ஊடுருவும் தன்மை பெறும். மெல்லிய மூடல் ஏமாற்றிவிடும்.

ஈரமாக இருக்கும்போதே என்றால் கத்தியால் வழித்து, டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள். இதைவிட மலிவான வழி இல்லை.

காய்ந்திருந்தால் தடித்த இடத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் அவசரம் வேண்டாம்: நீலகிரியின் மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர், மெல்லிய பூச்சுக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஐவரி கறுப்பு கலந்த நாற்காலி நிறம் இன்னும் தாமதம். அம்பர் வேகமாகக் காயும். முழுக்கக் காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, மேட்டை மட்டும் தேயுங்கள். கேன்வாஸுக்குப் பின்னால் அட்டை கொடுத்துத் தாங்குங்கள். உலரத் தேய்க்கக் கூடாது. சில நிறங்களில் இருக்கும் காட்மியம், கோபால்ட் தூசி மூச்சில் போகும். மாஸ்க் போடுங்கள், குழந்தை அறையில் இருக்கவே கூடாது. பிறகு ஒளி ஊடுருவாத நிறத்தில் இரண்டு பூச்சு, இரண்டாவதில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக.

## 8. பொருள் ஊருக்கும் காலத்துக்கும் ஒட்டவில்லை

நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் மலை முழுக்கப் பூத்தது, அடுத்தது 2030. 2020-இல் பிறந்த பிள்ளையின் நாலு வயதுப் படத்தில் கைநிறையப் புதுக் குறிஞ்சி இருந்தால் மலைக்காரர் உடனே பிடித்துவிடுவார். பிளம்ஸ் மே, ஜூன் பழம்; பக்கத்தில் மார்கழி மங்கி குல்லா வேண்டாம். பொம்மை மலை ரயில் வைத்தால் பெட்டி நீலமும் கிரீமுமாக இருக்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும்; ஏறுவதாகக் காட்டினால் என்ஜினைக் கடைசியில் வையுங்கள்.

## பிரஷைக் கீழே வைத்துவிட வேண்டிய இடங்கள்

வார்னிஷ் போட்ட படம், வேறொருவர் வரைந்த படம், தாத்தா காலத்துப் படம் எதிலும் நாற்காலியை மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். கேன்வாஸ் தொய்ந்து அலை அலையாக நின்றால், பின்புறம் பூசணம் பிடித்திருந்தால், பெயிண்ட் செதில் செதிலாக எழும்பினால், ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம்தான் போக வேண்டும். பூசணத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். செதில் எழும்பிய படத்தைச் செங்குத்தாகத் தூக்காமல், முகம் மேலே பார்க்கக் கிடைமட்டமாகவே கொண்டுபோங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று என மூன்று போட்டோவும், என்ன பெயிண்ட், என்ன எண்ணெய், எந்த வருஷம் வார்னிஷ் என்ற குறிப்பும் கூடவே இருந்தால் அவர் வேலை பாதியாகும்.